அடுத்தது எந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிஷ்கெக்கில், மின்னஞ்சல் செயலி ஒன்றை உருவாக்கும் சிறு குழுவின் அறையில் எனக்கும் ஒரு மேசை உண்டு. அவர்கள் நிரல் எழுதுவார்கள்; நான் புனைகதையின் காலவரிசை குறித்து ஆய்வேடு எழுதுவதாகச் சொல்லிக்கொள்வேன். ஒரு மதியம், சம்சாவைக் கடித்தபடியே இருவர் மோதிக்கொண்டார்கள்.

"புதுசு மேல வர்ற மாதிரி ஒருத்தன் மெயிலை அடுக்கி வச்சிருக்கான். 'அடுத்தது' பொத்தானை அமுக்கினா எங்க போகணும்?"

"கீழ. வேற எங்க?"

"கீழ இருக்கிறது பழசுடா. அடுத்ததுன்னு சொல்லி அவனை நேத்தைக்குக் கூட்டிட்டுப் போவியா?"

"கண்ணு கீழதான் போகும். உன்னை மாதிரி கடிகாரத்தையா முழுங்கியிருக்கான்?"

"எவனாவது சாவான், அப்பத் தெரியும்."

"கடுதாசி படிச்சு எவன்டா செத்தான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினேன்; அன்றிலிருந்து எனக்கு அச்சம்.

2

முதல் தொடக்கம்: 'கணவாயில் அன்று பனி, எதையோ மறைக்க விரும்புபவனைப் போல' — வேண்டாம். பனி எதையும் விரும்புவதில்லை. அது சரிகிறது.

இரண்டாம் தொடக்கம்: கனிஷாய்க்கு வயது முப்பத்தெட்டு. கணவாய்ச் சாலையின் அடிவாரச் சாவடியில் பகல்பணி. மேலேயுள்ள குடிலிலிருந்து கண்காணிப்பாளர் பனியின் நிலையை அவ்வப்போது மின்னஞ்சலில் எழுதுவார். அதற்கேற்பச் சாலைத் தடுப்புக் கம்பத்தை அவள் தூக்குவாள் அல்லது இறக்குவாள். பழையது மேலே, புதியது கீழே: இதுவே அவளுடைய அடுக்கு. 'அடுத்தது' பொத்தானை அழுத்திக்கொண்டே போவாள். பொத்தான் மங்கி, இனி இல்லை என்று நிற்கும் இடமே அவளுக்கு 'இப்போது'. பதினோரு குளிர்காலங்களாக அவள் விரல் அதை நம்பியிருந்தது.

(அன்று அவளுக்கு முன் பணியிலிருந்த உலர்பெக், புதியதை மேலே வைத்துப் படிப்பவர். கிளம்பும்போது பழையபடி மாற்றிவைக்க மறந்தார். வில்லன் தேடுபவர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மறந்தார், அவ்வளவுதான்.)

3

பத்தரை மணிக்குச் சாவடியின் முன்னால் வேன் நின்றது. ஓட்டுநர் எல்தியார் தலையை வெளியே நீட்டி அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டான்.

"எஜே, கம்பத்தைத் தூக்குங்க. உள்ள எட்டுப் பேரு. இன்னும் கொஞ்ச நேரம் என் பாட்டைக் கேட்டா இறங்கி ஓடிருவாங்க."

"பாடாம இருந்து தொலை. படிச்சிட்டுச் சொல்றேன்."

"படிச்சுப் பட்டமா வாங்கப் போறீங்க?"

மேலிருந்த கடிதத்தைத் திரை முழுவதும் விரியத் திறந்தாள். *மேல்சரிவுப் பனியில் விரிசல். மூடுக.* அடுத்தது. *காற்று வலுக்கிறது.* அடுத்தது. *பனி இறுகியுள்ளது. திறக்கலாம்.* பொத்தான் மங்கியது.

"மூடச் சொன்னாரு, இப்பத் திறக்கச் சொல்லிட்டாரு. போ. வளைவுல வேகம் வேண்டாம்."

"வரும்போது குருத் வாங்கிட்டு வர்றேன். நல்லா உப்புக் கரிக்கிற தயிர் உருண்டையா."

கம்பம் உயர்ந்தது. வேன் ஏறியது. நான் இரண்டு நாள் எழுதவில்லை.¹

4

மறந்துவிட்ட தொப்பியை எடுக்க உலர்பெக் திரும்பி வந்தார்.

"கம்பம் ஏம்மா மேல நிக்குது?"

"கடைசியா திறக்கலாம்னு எழுதியிருக்காரே, பைகே." மூத்தவர் என்பதால் அவரை அண்ணன் முறை சொல்லியே அழைப்பாள்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "இது ஏழு மணிக்கு வந்தது." பிறகு, மெதுவாக: "அடுக்கை மாத்தினேன். திருப்பி வைக்கல. யாராவது போனாங்களா?"

அவள் கைபேசியில் எல்தியாரை அழைத்தாள். ஆறாம் வளைவுக்கு மேல் அழைப்பு எட்டாது என்பது தெரிந்தும் அழைத்தாள். கம்பத்தை இறக்கினாள், இறக்கி இனி யாரைத் தடுப்பது?

(சாவடியில் வாக்கி-டாக்கி இருக்காதா என்று கேட்பீர்கள். இருந்தது. மேல்குடிலில் யாரும் எடுக்கவில்லை. அந்த வரியை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரிய—)

5

அதே நிமிடம் பட்டியலின் உச்சியில் புதிய கடிதம் ஒன்று வந்து நின்றது. மேல்குடிலிலிருந்து. தலைப்பு இல்லை.

"திறம்மா."

"நீங்க திறங்க, பைகே."

"எனக்குக் கை வரல."

என்னிடம் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்றில், கண்காணிப்பாளர் எழுதுகிறார்: *வேன் இங்கே குடிலருகில் நிற்கிறது. எட்டுப் பேரையும் உள்ளே அமர்த்தியிருக்கிறேன். ஓட்டுநரைப் பாட வேண்டாமென்று சொல்லுங்கள்.* மற்றதில் மூன்றே சொற்கள். இரண்டையும் இங்கே தந்துவிடலாம். ஆனால் எதைக் கீழே வைக்கிறேனோ அதுவே முடிவாகிவிடும். என் அறையில் அந்த இருவரும் சண்டையிட்டது இதற்காகத்தான். கனிஷாய் கம்பத்தைத் தூக்கியதும் இதனால்தான்.

ஆகவே நான் வைக்கவில்லை. அவள் விரல் பொத்தான்மேல் நிற்கிறது. திறக்க வேண்டியவர் நீங்கள். இந்த வரிக்குக் கீழே தேடாதீர்கள். கீழே இருப்பது ஏழு மணி.

———

¹ மூன்றாம் பகுதியை நீக்கிப் பார்த்தேன். ஒரு வாதத்தில் வெல்வதற்காக, ஓட்டுநரோடு ஒன்பது பேரை மலைமேல் அனுப்பியவன், அவர்களைத் திருப்பி அழைக்கவும் கடமைப்பட்டவன் அல்லவா? நீக்கியதும் சுட்டி தானாகவே நான்காம் பகுதியில் போய் நின்றது. அங்கே அவள், ஏறவே ஏறாத ஒரு வேனை அழைத்துக்கொண்டிருந்தாள். அழைப்பு அப்போதும் எட்டவில்லை.