நோடோணாவுக்குப் பட்டன் இல்லை

கிருஷ்ணப்பா சார் யாருடைய கட்டுரையையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. "நோடோணா" என்பார். கன்னடத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். பெங்களூரின் அந்த மண் ஆய்வு நிலையத்தில் கட்டுரைகளுக்கு ஒப்புதல் தருபவர் அவர்தான்; அவர் பார்க்கலாம் என்று சொன்ன கட்டுரையை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

அங்கே ஆய்வாளராக இருந்த ரஞ்சிதத்தின் கட்டுரையும் இரண்டு வருடமாக அவர் மேஜையில் தூங்கியது. தங்கவயலில் சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்த மேட்டில் எந்தப் புல்லை நட்டால் தூசி அடங்கும் என்று அதில் எழுதியிருந்தாள். அவள் பிறந்த வீடு அந்த மேட்டுக்கு நேரெதிரே. இப்போது அங்கே அண்ணன் சாமுவேல் இருக்கிறான். காற்றடித்தால் சோற்றிலும் மண். நகரசபைக்காரர்களோ, கட்டுரை வெளிவந்தால்தான் புல் நடுவோம் என்று கைவிரித்துவிட்டார்கள்.

புது இயக்குநர் வந்தார். கட்டுரைகளை இனி கணினி வழியாகத்தான் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதை எல்லோருக்கும் விளக்கும் வேலை ரஞ்சிதத்தின் தலையில் விழுந்தது. அவளுக்கு அது கசக்குமா என்ன?

கூட்டத்தில் திரையைக் காட்டினாள். மூன்றே பட்டன்கள்: வெளியிடலாம், திருத்த வேண்டும், வேண்டாம். பின்னிரண்டை அழுத்தினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதியவர் பெயரோடு அது கட்டுரையின் கீழே வெளியாகும். ஒரு மாதம் பேசாமல் இருந்தால் கட்டுரை தானாகவே வெளியாகிவிடும்.

கிருஷ்ணப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஏனம்மா, நோடோணாவுக்கு எங்கே பட்டன்?"

"அது இல்ல சார்."

அவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் கட்டுரையாகத் தன்னுடையதையே ஏற்றினாள். மாதம் முடியும் தறுவாயில், மார்ச் கடைசியில், கிருஷ்ணப்பாவின் பதில் வந்தது. திருத்த வேண்டும். 'மழைக்காலத்தில் மட்டுமே அளந்திருக்கிறீர்கள். ஏப்ரல் வெயிலில் இந்தப் புல் பிழைக்குமா?'

முட்டுக்கட்டை போட்டே பழகிய மனுஷன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. கேள்வி சரி. நட்ட புல் கோடையில் கருகிப்போனால், நகரசபை அந்த மேட்டுப் பக்கம் அப்புறம் தலைவைத்தும் படுக்காது.

நேராக அவர் அறைக்குப் போனாள்.

"முழுசா படிச்சிங்களா சார்?"

"பேர் போட்டு எழுதணுமே அம்மா, படிக்காம ஹேகே எழுதறது?" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு. "சென்னாகிதெ, நல்லா இருக்கு உன் வேலை. சொல்ப தண்ணி ஊத்திப் பாரு."

ஏப்ரல் முழுக்க ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய் மேட்டில் நின்றாள். சும்மா விட்ட பாத்திகள் கருகின. தண்ணீர் காட்டியவை வேர் பிடித்து நின்றன. இரண்டையும் மறைக்காமல் எழுதிச் சேர்த்தாள். அனுப்பிய அன்று மாலையே கிருஷ்ணப்பா முதல் பட்டனை அழுத்தினார்.

சாமுவேலுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, பேப்பர் வந்துடுச்சு. நகரசபைக்கு நானே எடுத்துக்கினு வரேன். ஆனா கோடையில தண்ணி ஊத்தணும்."

"தண்ணிதானே? தெருவே கொடம் தூக்கும்மா. மேட்டுப் பக்கத்து ஜன்னல தொறந்து எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா உனக்கு?"

தெரியாமல் என்ன? அந்த ஜன்னல் திறந்து அவள் பார்த்ததே இல்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தொறக்கலாம் அண்ணா. கீலுக்கு எண்ணெய் போட்டு வை," என்றாள்.