கடைக் கண்ணாடியில் ஒட்டிய விளம்பரம்

படம் அச்சிடும் இயந்திரத்தில் விளக்கு பழசாகப் பழசாகப் படங்கள் வெளிறிப் போகும். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு படத்துக்கும் இயந்திரமே விளக்கின் பலத்தை அளந்து, மங்கிய அளவுக்குத் தாள்மேல் வெளிச்சம் படும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். மூன்று வருட உழைப்பு. பாதி வேலை சமையல் மேடையிலேயே நடந்தது.

சோதித்துப் பார்க்கத் தம்பியின் ஸ்டூடியோவில் ஓர் இயந்திரத்தைப் பொருத்தினாள்.

"காப்புரிமைக்கு எழுதிப் போடற வரைக்கும் வெளியாள் கண்ணுல படக் கூடாதுடா."

"நான் என்ன சின்னப் பிள்ளையாக்கா?"

ஆனால் தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. 'வெளிச்சத்தைத் தானே அளக்கும் இயந்திரம்! வெளிறாத படங்கள்!' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினான். இரண்டு மாதம் கடையில் கூட்டம் நெரிந்தது. பிறகு பயந்துபோய்க் கிழித்துப் போட்டான். விண்ணப்பிக்கும் முன் அக்கா கேட்டபோது, "சேச்சே, யாருக்கும் காட்டல" என்று சாதித்துவிட்டான்.

காப்புரிமை கிடைத்தது. ஐந்து வருடம் கழித்து ஒரு பெரிய நிறுவனம் அதே முறையில் இயந்திரம் விற்க, அக்கா வழக்குப் போட்டாள். விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறிந்த விஷயம் அது, காப்புரிமை செல்லாது என்றார்கள் அவர்கள். தம்பியைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு புகைப்படத்தை நீட்டினார். யாரோ ஒரு வாடிக்கையாளரின் குழந்தை கடை வாசலில் நிற்கிறது. பின்னால் அந்த விளம்பரம், ஓரத்தில் தேதி.

"இந்த விளம்பரம் நீங்க எழுதினதா?"

முன்வரிசையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமா."

"உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கேட்டவங்களுக்கெல்லாம் மூடியத் திறந்தே காட்டினேன்."

காப்புரிமை ரத்தானது.

நீதிமன்றப் படிக்கட்டில் தம்பி அவள் பின்னாலேயே ஓடினான். "அக்கா, திட்டிடு. நான் அங்க பொய் சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்ப."

"அங்க நீ சொன்னது சரிதான்" என்றாள் அக்கா. "என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா, அதுக்குத் தக்கபடி ஏதாவது பண்ணியிருப்பேன்டா. அஞ்சு வருஷம் இதை நம்பி ஏமாந்திருக்க வேண்டாம் பாரு."

இப்போதும் தம்பி வீட்டுக்கு வருகிறாள். குழந்தைகளைக் கொஞ்சுகிறாள், அவன் மனைவியோடு சிரித்துப் பேசுகிறாள். போன வாரம் அவள் விரல் நுனியில் மின்கம்பி பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்ட புதுக் காயம் ஒன்று தெரிந்தது.

"என்னக்கா செய்யற, புதுசா?"

"ஒண்ணுமில்லடா" என்று கையை மடித்துக்கொண்டாள்.