பழைய குழாயின் பச்சை

புதுக் கண்ணாடிக் குழாயில் வளர்த்த படிகத்தின் மேல் மெரின் டோல்ஹர்ஸ்ட் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினாள். பச்சையாக ஒளிர வேண்டியது நீலமாக ஒளிர்ந்தது. விளக்கை அணைத்து மறுபடி போட்டாள், அப்போதும் நீலம்தான்.

அவள் வேலை பார்த்த பிரிஸ்பேன் ஆய்வகத்தில் வழக்கமாகப் படிகம் வளர்ப்பது சக ஆய்வாளன் டாரில் வேன்ஸ். பழைய குழாயில் அவன் வளர்த்ததெல்லாம் பச்சைதான். ஒளி பட்டதும் ஒரு மூலக்கூறில் கிளம்பும் கிளர்ச்சியை எக்சிடான் என்பார்கள். அது பக்கத்து மூலக்கூறுக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு. அப்படி ஆயிரக்கணக்கில் தாவி, கடைசியில் எங்கோ ஓரிடத்தில் ஒளியாக வெளியேறும். தன் படிகத்தில் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்வதால்தான் பச்சை என்று டாரில் எழுதிய கட்டுரை போன மாதம் வெளியானது. அதை நம்பித்தான் கான்பெராவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவனுக்கு நிரந்தர வேலை கொடுக்கவிருந்தார்கள்.

பழைய குழாய் விரிசல் விட்டதால்தான் மெரின் புதியதை எடுத்தாள். பழையதில் இரண்டு வருடம் முன்பு டெட்ராசீன் என்ற வேறொரு வேதிப்பொருளைக் காய்ச்சியவள் அவளேதான். கழுவி வைத்தாள், எதைக் காய்ச்சியது என்று சீட்டு ஒட்டவில்லை. லட்சத்தில் ஒரு டெட்ராசீன் மூலக்கூறு கலந்தாலும் போதும். அலைகிற எக்சிடான் அதில் போய் மாட்டிக்கொண்டு பச்சையாக வெளியேறிவிடும்.

இன்னும் இரண்டு படிகம் வளர்த்துப் பார்த்தாள். இரண்டும் நீலம். அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறக்காமலே இருந்துவிடலாமா என்றும் நினைத்தாள்.

திங்கள் மதியம் டாரில் முற்றத்தில் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான். குப்பைத் தொட்டியருகே நின்ற நீண்ட அலகுள்ள ஐபிஸ் பறவையைக் காலால் விரட்டினான்.

"என்ன மெரின், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? வா, உக்காரு."

"டாரில், அந்தப் பச்சை உன் படிகத்தோடது இல்லப்பா. குழாயில ஒட்டியிருந்த டெட்ராசீன். அதுல காய்ச்சினது நான்தான்."

அவன் சிரித்தான். "விளையாடாத."

"மூணு படிகம் பாத்துட்டேன்."

கையிலிருந்த பண்டத்தைக் கீழே வைத்தான்.

"கான்பெராவுல கையெழுத்துப் போடுற வரைக்கும் நீ பொறுத்திருக்கலாம்ல?"

"அப்புறம் சொன்னா இன்னும் மோசமாகிடும்."

"யாருக்கு?"



வெள்ளியன்று கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவனே எழுதினான். படிகத்தில் மாசு கலந்துவிட்டது என்று மட்டும் இருந்தது.

"என் பேரைப் போடு. தப்பு என்னோடது," என்றாள் மெரின்.

"உன் பேரைப் போட்டா அந்த வேலை எனக்குக் கிடைச்சுடுமா? நானும்தான் அந்தக் குழாயைச் சோதிக்கல. விடு."

அவன் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இரண்டு வாரத்தில் கான்பெராவிலிருந்து, வேலை தர முடியாது என்று வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். டாரில் பெர்த்தில் ஒரு வருட வேலைக்குப் போனான். அவன் கிளம்பும் நாளில் வாசல்வரை பெட்டி தூக்கி வந்தாள். வாங்கிக்கொண்டான், "சரி" என்றான். வண்டி திரும்பி மறையும்வரை அவன் அவள் பக்கம் பார்க்கவேயில்லை.