பாட்டு போடாத முறை

அக்கா மகளை ஸ்கேன் குழாய்க்குள் மறுபடி படுக்க வைத்தாள் சித்தி. ஸ்கேன் எடுப்பதுதான் அவள் உத்தியோகம்; அந்த அறையின் வேலை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வாய்தான் அடங்கவில்லை, போன வாரம்.

பிள்ளைக்குப் பிறவியிலேயே காது மந்தம். சத்தம் மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்துவிட்டதே சித்திதான். படம் எடுக்கும்போது இயந்திரம் இரும்புப் பட்டறை மாதிரி இடிக்கும். அந்த இடியில் எந்தக் குரலும் எடுபடாது. அதனால் இயந்திரத்தை அடக்கி வைத்து, அந்த அமைதியில் அக்காவின் பாட்டைக் காதுக்குள் போடுவார்கள். அது மூளையில் இரத்த ஓட்டமாய் ஏறி வரும் நேரம் பார்த்து ஒரே ஒரு படம். பிறகு மறுபடி அமைதி. ஒப்பிட்டுப் பார்க்க நடுநடுவே பாட்டே இல்லாத வெறும் முறைகளும் வரவேண்டும். பிள்ளை நெளிகிறாளே என்று சித்தி போன வாரம் அவற்றை விட்டுவிட்டாள். திரையில் செவிக்கான இடம் பளிச்சென்று ஒளிர்ந்தது. "அக்கா, உன் பாட்டு அவளுக்குக் கேக்குது!" என்று ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பாடிப் பாடி அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "கேக்குதுன்னா அப்புறம் தலையை எதுக்குக் கீறணும்?" என்று, காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்குக் கிடைத்த தேதியையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

"உரைச்சுப் பாக்காமலே தங்கம்னு சொல்லிட்டீங்களேம்மா," என்றார் ஆராய்ச்சி டாக்டர் சித்தியிடம்.

இன்று உரைத்துப் பார்த்தார்கள். பாட்டு போட்ட முறையில் ஒளி. போடாத முறையிலும் அதே ஒளி. முந்தைய படத்தின் இடிதான் இன்னும் தணியாமல் மூளையில் நின்றிருக்கிறது. அமைதியின் நேரத்தை நீட்டினார்கள். அவ்வளவுதான். பாட்டு போட்டாலும் இருட்டு, போடாவிட்டாலும் இருட்டு.

வெளியே காத்திருந்த அக்காவிடம் வந்ததும் பிள்ளை நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தாள். டக் டக் டக்... ஒரு நிறுத்தம்... மறுபடி டக் டக் டக்.

"பாத்தியாடி, என் பாட்டுக்குத் தாளம்! உனக்குத்தான் சங்கீதம்னா ஆகாது, இவளுக்காவது வந்துச்சே," என்று கரகரத்த குரலில் சிரித்தாள் அக்கா.

அந்தத் தாளம் சித்திக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுக்க அவள் காதில் இருப்பதே அதுதான்.

"அக்கா, அது உன் பாட்டு இல்ல. மெஷின் சத்தம்."

"என்னடி உளர்றே? நீதானே சொன்னே?"

"நான்தான். அவசரப்பட்டுட்டேன். அந்த இடி மட்டும்தான் அவளுக்கு எட்டுது. நீ பாடறது எட்டல. தேதியை இன்னைக்கே போய்த் திரும்பக் கேக்கணும்க்கா."

அக்கா பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அந்த இரும்புக்கு இருக்கற தொண்டைகூடப் பெத்தவளுக்கு இல்லைங்கறே."

சித்தி குனிந்துகொண்டாள். தட்டும் கையைப் பிடித்து நிறுத்தப் போன அக்கா, நிறுத்தாமல், அதன் மேல் தன் கையைச் சும்மா வைத்திருந்தாள். இரண்டு கைகளும் சேர்ந்தே ஏறி இறங்கின.

"ஆபரேஷன் டாக்டர் எந்த ரூம்னு காட்டு," என்றாள், தங்கை முகத்தைப் பார்க்காமலே.