டிரெஸ்ஸிங் ரூமுக்குள் அம்சவல்லி

இரண்டு மணிச் சங்கு ஊதப் பத்து நிமிஷம் இருந்தது. அம்சவல்லி டிரெஸ்ஸிங் ரூமை விட்டு வெளியே வரவில்லை.

பெயர்தான் ரூம். எண்பத்து நான்கில் கம்பெனிக்குப் பெண்களை எடுத்தபோது ஸ்டோரின் மூலையைத் தகரம் வைத்து மறைத்தார்கள். ஆண்களுக்கு அதுவும் கிடையாது. குழாயடியிலேயே லுங்கியை அவிழ்த்துப் பேண்ட் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே சுவரில் ஆளுக்கு ஓர் ஆணி. ஒருத்தி ஆணியில் இன்னொருத்தி புடவை தொங்காது. உடை மாற்றத்தான் கொடுத்தார்கள். டிபன் தூக்கைத் திறப்பதும் அங்கேதான், மாமியாரைத் திட்டுவதும் அங்கேதான்.

நேற்றுவரை அவள் பேக்கிங்கில் புடவையோடு இருந்தாள். கேட்டுக் கேட்டு மெஷின் வேலை வாங்கியிருந்தாள். மெஷினில் முந்தானை ஆகாது. சங்கு ஊதும்போது பேண்ட் போட்டு வந்து நிற்காவிட்டால் திரும்பவும் பேக்கிங்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

பேண்ட் போட அவளுக்குப் பயமில்லை. பக்கத்து மெஷினில் நிற்கும் புருஷன் பாண்டுரங்கன் சிரிப்பானே என்றுதான் பயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் வீட்டில் பேண்ட் போட்டுப் பார்த்தபோது ஜிப் பின்பக்கம் போய்விட்டது. வடக்குப்பட்டுத் தெருவையே கூப்பிட்டுக் காட்டியவள் அவள்.

பேண்ட் ஆண் அளவு. கையை விட்டால் இறங்கியது.

"ஏண்டி, முகூர்த்தத்துக்கா சிங்காரிச்சிக்கினு கீற?" என்றாள் அடுத்த ஆணிக்காரி மீனம்மாள்.

"இடுப்புல நிக்கலக்கா."

"பாவாடை நாடாவ உருவிக் கட்டு."

கட்டினாள். நாடா அறுந்தது. மீனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அக்கா, அந்தாளுகிட்ட சொல்லிடாத!"

கொஞ்ச நேரத்தில் தகரத்தை யாரோ தட்டினார்கள்.

"அம்சா, ஜிப்பு முன்னாலதான கீது?"

"போய்யா. சிரிக்கத்தான வந்த?"

"சிரிக்கறத வூட்ல பாத்துக்கலாம், தெருவக் கூட்டி வெச்சி. இப்ப இத்தப் புடி."

தகரத்துக்கு அடியில் ஒரு தோல் பெல்ட் நுழைந்தது. அவன் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. கடைசி ஓட்டையும் அவளுக்குத் தளர்ந்தது. சுவரில் தன் ஆணியில் தோலை வைத்து அழுத்திப் புதிதாக ஓர் ஓட்டை போட்டாள். மாட்டினாள். நின்றது.

கதவைத் திறந்தபோது சங்கு ஊதியது. பாண்டுரங்கன் தன் பேண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி மெஷின் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

"யோவ்," என்றாள் அம்சவல்லி, "கையி ரெண்டும் அங்க கீதே, மெஷின யாரு ஓட்டறது?"