தாய்மாமன் துறைமுகம்

கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவில் இருக்கும் பெரிய ஏரியில், ஒரு தை மாதப் பௌர்ணமியன்று விடியற்காலையில் முதல் சரக்குக் கப்பல் வந்து நின்றது. அது திண்டிவனம் சாலை வழியாக வந்தது. செஞ்சியில் முதல் பஸ்ஸை எடுத்த ஓட்டுநர் ஓரம் ஒதுங்கி வழிவிட்டார். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் ஒரு டீக்கடைப் பந்தல் மட்டும் இடிபட்டது. கப்பல்காரர்கள் இறங்கி அதை நிமிர்த்திக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போனார்கள். பௌர்ணமிக்குக் கடல் பொங்குவது புதிதல்ல. நிலாவும் சூரியனும் பூமியோடு ஒரே நேர்க்கோட்டில் நின்று தண்ணீரை இழுப்பதால் அன்றைக்கு ஏற்றம் அதிகம். கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தது போலக் கடலும் வந்தது. ஜனங்கள் மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். கடல் தங்கிவிட்டது.

ஏரிக்கரைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்த திரௌபதி, அன்று காலை வேர்க்கடலைக்குக் களை எடுக்கப் போனவள், கரைக்கு மேலே இரும்புச் சுவர் ஒன்று எழும்பி நிற்பதையும், அதன் உச்சியில் ஒருவன் லுங்கியைப் பிழிந்து காயப்போடுவதையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் களை எடுக்க உட்கார்ந்தாள். பொழுது ஏறிவிட்டால் மண் இறுகிவிடும்.

கப்பல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். சரக்கில்லாத கப்பல் தக்கை மாதிரி. ஒரு பெரிய காற்றுக்குக் கவிழ்ந்துவிடும். அதனால் வெறுமையாக வரும் கப்பல் தன் வயிற்றில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, அந்த எடையில்தான் நிமிர்ந்து வருகிறது. துறையில் நின்று சரக்கை ஏற்ற ஏற்ற, அந்த எடைக்கு ஈடாகத் தண்ணீரை வெளியே இறைத்துவிடும். இந்த ஊரிலிருந்து போவதெல்லாம் கனத்த சரக்கு: கருங்கல் பாளம், அரிசி, வேர்க்கடலைப் பருப்பு. இந்த ஊருக்கென்று இறங்கியது எதுவுமில்லை. ஆகவே மேலே எவ்வளவு கல் ஏறியதோ அவ்வளவு உப்புத் தண்ணீர் ஏரியில் இறங்கியது. முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடம் சரக்கு கால் பங்கு ஜாஸ்தி, மூன்றாம் வருடம் அதற்கும் மேலே என்று கம்பெனி வழவழப்பான காகிதத்தில் ஆண்டறிக்கை போட்டது. உப்பும் அதே வேகத்தில்தான் வளர்ந்தது. அதற்கு யாரும் காகிதம் செலவழிக்கவில்லை.

ஆண்டறிக்கையில் சரக்குக்கு அடுத்த பக்கம் 'சமூக உறவு'. முதல் வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பை கொடுத்தார்கள், கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். அப்படியும் பக்கம் நிரம்பவில்லை. அதை நிரப்புவதற்கென்றே விமல்ராஜ் என்ற அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல மாதிரி. யாரைப் பார்த்தாலும் கும்பிடுவார். அந்தச் சமயம் திரௌபதியின் மகள் அபிநயா வயதுக்கு வந்திருந்தாள். மஞ்சள் நீராட்டில் பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன்தான் போட வேண்டும். தட்டு வரிசையோடு மேளம் வைத்து வர வேண்டும். திரௌபதிக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. பிறந்த வீட்டுப் பங்காளிகளோடு வரப்புத் தகராறு; வருடக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லை. இப்படிப்பட்டவள் யாராவது ஒருவரை அண்ணன் முறையில் உட்கார வைக்கலாம். ஆனால் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். சீர் வாங்கிய வீட்டில் அவனுக்குச் சோறும் தண்ணீரும் இல்லை என்று ஆயுசுக்கும் சொல்லக்கூடாது.

விமல்ராஜ் தானே முன்வந்தார். ஆனால் தனக்கு எப்போது மாற்றல் வரும் என்று தெரியாது, ஆகவே தன்னை அண்ணனாக எண்ண வேண்டாம், துறைமுகத்தையே எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அது பெரிய மனசு என்று ஊர் நினைத்தது. தப்பு நடந்தது அங்கேதான். ஆளாக வருகிறவனுக்கு ஒரு வயிறு. துறைமுகத்துக்கு எத்தனை வயிறு என்று யாரும் யோசிக்கவில்லை. திரௌபதியும் யோசிக்கவில்லை. குறித்த நாளில் ஹெல்மெட் போட்ட ஆட்கள் தலையில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி வந்தார்கள். கப்பலைக் கட்டும் வடத்தின் கனத்துக்கு மல்லிகைச் சரம் கட்டியிருந்தார்கள். துறையிலிருந்த பெரிய கிரேன் தன் கையைக் கரைக்கு மேலே நீட்டி, வயலைத் தாண்டி, வீட்டு வாசல் பந்தல்வரை வந்து, அந்த மாலையைப் பெண்ணின் கழுத்தில் இறக்கியது. ஒரு பூ உதிரவில்லை. மாலை போட்டபின் கிரேன் கொஞ்சம் குனிந்து நின்றது, ஆசீர்வாதம் செய்கிற மாதிரி. பார்த்திருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து நிலத்து ராஜம்மாள் பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி திரௌபதி, துறைமுகம் உனக்கு அண்ணன்னா கப்பலு உன் பொண்ணுக்கு மாமன் புள்ளையாச்சே. முறை மாப்ள வாசல்லயே நிக்கிறான், குடுக்கறியா இல்லியா?"

"ஜாதகத்த எடுத்தாரச் சொல்லு, பாக்கலாம்."

அதன்பிறகு துறைமுகம் வீட்டுக்கு வீடு மாமன் ஆனது. ராஜம்மாள் பேரப்பிள்ளைக்குக் காது குத்தும்போது கிரேன்தான் மடி கொடுத்தது. ஆண்டறிக்கையில் சமூக உறவு இரண்டு பக்கம் ஆயிற்று, பிறகு நாலு. அதே வருடங்களில் கரைக்குக் கீழே கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாயின. நெல் நாற்று நுனி கருகியது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டது. சீர் வாங்கிய கூச்சத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மாமனைப் பற்றிப் பஞ்சாயத்தில் எப்படிப் பேசுவது?

திரௌபதியின் கிணறு மட்டும் உப்பாகவில்லை. அவளுடைய மாமனார் காலத்தில் பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு அது. மலைப் பக்கத்திலிருந்து வரும் பாறை வெடிப்பில்தான் ஊற்று. ஏரித் தண்ணீர் அதில் கலக்க வழியில்லை. இது துறைமுகத்துக்குத் தெரியவந்தது. கப்பலில் போகிற ஆட்களுக்கு வாரக்கணக்கில் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும், அதைத் துறைமுகம் தர வேண்டும். உலகம் முழுக்க அதுதான் ஏற்பாடு. விமல்ராஜ் வந்து, உங்கள் அண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்றார். அண்ணன் கேட்டால் என்ன சொல்வது? விரல் கனத்தில் ஒரு குழாய் போட்டார்கள். சரக்கு வளர வளரக் கப்பல் ஜாஸ்தி. கப்பல் ஜாஸ்தியாக ஆகக் குழாயும் கை கனம் ஆனது, பிறகு தொடை கனம். ஆண்டறிக்கையில் திரௌபதியின் படத்தைப் போட்டு, உள்ளூர் மக்கள் அன்போடு வழங்கும் குடிநீர் என்று எழுதினார்கள். அந்தத் தண்ணீரையே கேனில் அடைத்து, கப்பல் முத்திரை ஒட்டி, கிணறு உப்பான வீடுகளுக்கெல்லாம் 'உறவின் பரிசு' என்று கொடுத்தார்கள். ஒரு கேன் திரௌபதி வீட்டுக்கும் வந்தது. அவளுடைய புருஷன் அப்பாசாமி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம தண்ணி மாதிரியே கீதுடி" என்றான். அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது.

அந்தப் போகத்தில் கடலை பூத்திருந்தது. பூ உதிர்ந்த இடத்திலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான் அது காயாகும். அந்தச் சமயம் மண் ஈரமாக இருக்க வேண்டும்; காய்ந்து இறுகிய மண்ணில் விழுது மோதி, இறங்க முடியாமல் கருகிவிடும். சரியாக அப்போது அவளுடைய மோட்டார் காற்றை இழுத்தது. எட்டிப் பார்த்தால் பாறை தெரிந்தது. அந்த வாரமே துறைமுகத்திலிருந்து இரண்டாவது குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆள் வந்தது.

அவள் ஒரு சொம்பில் கிணற்றின் அடிச் சேற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு துறைமுக அலுவலகத்துக்குப் போனாள். விமல்ராஜ் எழுந்து நின்று கும்பிட்டார். ஏசியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் கேட்டது பெரிய விஷயமில்லை: கடலை பிடுங்கும்வரை குழாயை நிறுத்த வேண்டும், இரண்டாவது குழாய் கூடாது. அவர் சிரித்தபடி ஆண்டறிக்கையை எடுத்து, அவள் படம் இருந்த பக்கத்தை விரித்துக் காட்டினார். இந்த வருடம் வளர்ச்சி எவ்வளவு தெரியுமா என்றார். அபிநயா கல்யாணத்துக்கு ஊரே அசந்து போகிற மாதிரி சீர் வரும் என்றார்.

"நீங்க எங்க குடும்பம்ங்க. குடும்பத்துக்குள்ள தண்ணிக்குப் போயி கணக்கு பாப்பாங்களா?"

திரௌபதி சொம்பை மேஜைமேல் வைத்தாள்.

"நான் கணக்கு பாக்கலைங்க. அண்ணன்னா தங்கச்சி வூட்டு கெணறு கம்மியாயிடுச்சின்னா ஒரு வாட்டி எட்டிப் பாக்கணும். இத்தினி வருசமா குழாய் போட்டீங்களே, ஒரு நாளாவது உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

அவர் சொம்புக்குள்ளேயும் எட்டிப் பார்க்கவில்லை. மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். மறுநாள் பள்ளம் முழங்கால் ஆழத்துக்குப் போயிருந்தது.

ஊரில் பெரியவர்களிடம் முறையிட்டாள். சீர் வாங்கிவிட்டாயே என்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ராஜம்மாள்தான் பாதி கேலியாகச் சொன்னாள்: "ஒண்ணுதான் வழி. தலை முழுகிடு." திரௌபதி சிரிக்கவில்லை.

உறவில் ஒருவர் செத்தால் தலை முழுக வேண்டும். உயிரோடு இருப்பவரை விலக்க வேண்டுமானால், அவர் செத்ததாக வைத்து முழுகிவிடலாம். நாலு பேர் பார்க்க, முறையை வாய்விட்டுச் சொல்லி, சொந்த வீட்டுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதோடு தீர்ந்தது, வாசல் ஏறக்கூடாது, ஒரு வாய் தண்ணீர் கொள்ளக்கூடாது. சீர் வாங்கியவளுக்கும் இந்த வழி திறந்தேதான் இருக்கிறது, செத்தவன் கேட்டு வர முடியாது என்பதால். இதற்கு மேல்முறையீடு கிடையாது.

மறுநாள் காலை அப்பாசாமி கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறங்கி, பாறைக் குழியில் தேங்கியிருந்ததைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் சேர்த்தான். அந்தப் போகத்துக்கு மிச்சமிருந்த தண்ணீர் அவ்வளவுதான். அதைச் செடிக்கு ஊற்றினால் ஒரு பாத்தி பிழைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இடுப்பில் வைத்துக்கொண்டு கரை ஏறினாள். துறைமுக வாசலில் நின்று, கிரேனைப் பார்த்து, பதறாமல் சொன்னாள்:

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். செத்துட்டான். இத்தோட தலை முழுகிட்டேன்."

குடத்தைக் கவிழ்த்தாள். செஞ்சிப் பக்கத்துக்காரனான காவலாளி விஷயம் புரிந்து தொப்பியைக் கழற்றினான். அடுத்து அபிநயா வந்து, அம்மாவின் குடத்தில் ஒட்டியிருந்ததை உச்சந்தலையில் தட்டிக்கொண்டாள். ராஜம்மாள் அண்டாவோடு வந்தாள்.

"எங்க கெணத்துல உப்பாச்சேடி. உப்புத் தண்ணில முழுகினா செல்லுமா?"

"செத்தவன் வந்ததே உப்புலதானே. செல்லும், ஊத்திக்கோ."

பொழுது சாய்வதற்குள் சீர் வாங்கிய அத்தனை வீட்டுப் பெண்களும் வந்து முழுகிவிட்டுப் போனார்கள். விமல்ராஜ் அதைப் பல கோணங்களில் படம் எடுத்தார். அந்த வருட ஆண்டறிக்கையின் அட்டையில், துறைமுகத்தில் மகளிர் நீராட்டு விழா, திரளான பொதுமக்கள் பங்கேற்பு என்று வந்தது. இதை அபிநயா உரக்கப் படித்துக் காட்டியபோது திரௌபதி, "எழுதறவன் கை அழுகிப் போவாதா?" என்று மட்டும் கேட்டாள்.

தலை முழுகிய அன்று இரவே குழாய் திரும்பி ஓடியது. துறையில் நின்ற கப்பலின் குடிநீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் கிணற்றுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. வால்வை மூடினார்கள், மூடியும் ஓடியது. கப்பல் காலியான பின்னும், எங்கெங்கோ போய்விட்ட கப்பல்களில் இருந்ததெல்லாம் ஒரு வாரத்துக்கு வந்தது. கடலை விழுது இறங்கியது, வயலில் முக்கால் பங்கு காய்த்தது. அடுத்த பௌர்ணமிக்குக் கடல் பொங்கி வரவில்லை, தங்கியிருந்ததும் வடிய ஆரம்பித்தது. கப்பல்கள் செஞ்சிவரை வந்து, கோட்டை தெரியும் இடத்தில் வரிசையாக நின்று, பஸ்ஸுக்கு இடைஞ்சல் என்று ஜனங்கள் திட்டியபின் திரும்பிப் போயின. ஏரி உள்வாங்கியது. கம்பெனி மறுபடியும் தட்டு வரிசை அனுப்பியது. தட்டுக்காரர்கள் வாசல் வாசலாக நின்றுவிட்டு, பழம் அழுகுவதற்கு முன் பஸ் நிலையத்தில் விற்றுவிட்டுப் போனார்கள். விமல்ராஜுக்கு மாற்றல் வந்தது. அதற்கடுத்த ஆண்டறிக்கையிலும் சரக்கு வளர்ச்சி என்றுதான் போட்டிருந்தது, வழியில் இருக்கும் சரக்கையும் சேர்த்து.

மண்ணில் இறங்கிய உப்பை எந்தத் தலைமுழுக்கும் எடுக்கவில்லை. அதை மழைதான் கழுவ வேண்டும், இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறது. ராஜம்மாள் நிலத்தில் போன வருடம்தான் நாற்று நுனி பச்சையாக நின்றது. அந்தக் கோபம் திரௌபதிக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

தண்ணீர் போனபோது மாட்டிக்கொண்ட கப்பல் ஒன்று ஏரி நடுவில் தரைதட்டி நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கோடையில் ஆடு மேய்ப்பவர்கள் அதனடியில் படுப்பார்கள். மாலை நாலு மணிக்குமேல் அதன் நிழல் கரையைத் தாண்டி திரௌபதி வயலின் மேற்கு மூலையில் விழுகிறது. அந்த மூலையில் கடலை சரியாகக் காய்ப்பதில்லை என்று கண்டு, நிழலைத் தாங்குமே என்று சேப்பங்கிழங்கு வைத்திருக்கிறாள். நன்றாகவே வருகிறது.