பதிவைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

தார்ப்பீப்பாவுக்குள் சீமெந்து நிரப்பிச் செய்த உருளையை ஆறு பெண்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கராயனில் பொதுநோக்கு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வெளி அது. மாடு மிதித்த குழிகளில் கிரவல் கொட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஞாயிறு ஒன்றுதான் ஆடைத் தொழிற்சாலைக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் இந்தக் கைகள் தையல் மெசினில் கிடக்கும். ஹொக்கிப் பந்து குழியில் பட்டு எழும்பினால் பல் போகும். கயிறு இழுத்துக்கொண்டிருந்த சிவரூபிக்குப் போன வருடம் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது.

கயிற்றின் முன்னால் நின்றவள் பிரஷாந்தினி. இவர்களுடைய ஹொக்கிக் கழகத்தின் தலைவியும் கோல் காப்பாளரும் அவள்தான். மாகாண அணித் தேர்வுக்கு ஏழு தரம் போயிருக்கிறாள், ஏழு தரமும் வெறுங்கையோடு பஸ் ஏறியிருக்கிறாள். "அக்கராயனோ? அங்கை ஆர் ஹொக்கி விளையாடுறது?" என்று ஒரு தேர்வாளர் அவள் முகத்துக்கு நேரேயே சிரித்தார். தெரிவானவர்கள் முழுக்கப் பெயர்பெற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அரசாங்கத்தின் விளையாட்டுப் பயிற்றுநர் வேலைக்கு மாகாண மட்டத்தில் விளையாடிய சான்றிதழ் வேண்டும், வயது முப்பதைத் தாண்டக்கூடாது. பிரஷாந்தினிக்கு இருபத்தொன்பது.

அன்றைக்கு மைதானம் பார்க்க வெள்ளை வான் வண்டியில் வந்தார் பாலன். ஹொக்கிச் சங்கத்தில் செயலாளராக இருந்து, தலைவரோடு கொழுவிக்கொண்டு வெளியே வந்தவர். தனியாக ஒரு தொழில்முறை லீக் தொடங்கப்போவதாக ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். ஆறு அணி, விளையாடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம், கொழும்பில் விளம்பரதாரர்.

"சேர், ஒண்டு கேக்கட்டோ?" என்றாள் சிவரூபி, கயிற்றை விடாமலே. "இருக்கிற மட்ச்சுக்கே சனம் வாறேல்லை. இந்த நாட்டுக்கு இன்னொரு ஹொக்கி லீக் தாங்குமோ?"

"ஏன் தாங்காது? சங்கம் உங்களைத் திரும்பியும் பாக்கிறேல்லை. நான் எடுக்கிறன். உங்களை மாதிரி ஆக்கள் ஒவ்வொரு மாவட்டத்திலையும் இருக்கினம். எல்லாரும் என்னோடை வந்தால் சங்கத்திட்டை என்ன மிஞ்சும்? வெறும் கதிரைதான்." பாலன் உருளையைத் தட்டிப் பார்த்தார். "மாகாணத் தரத்திலை சான்றிதழும் நானே தருவன். அரசாங்கம் ஏற்றுத்தான் ஆகவேணும். ஒண்டே ஒண்டு, ஆத்திலை ஒரு கால் சேத்திலை ஒரு கால் வைக்கக்கூடாது."

தேநீர் கொண்டுவந்த அழகம்மா மகள் பிரஷாந்தினியைத் தனியாகக் கூப்பிட்டாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து கைக்குழந்தையாக வன்னிக்கு வந்தவள், இப்போதும் அடுத்தவர் வயலில் நாற்று நடுகிறவள். "புள்ள, புதுப் பாய விரிக்கிறதுன்னா விரி. பழச கிழிச்சிப் போட்டுறாத."

"அவரை நம்பினால் முழுசா நம்பவேணும், அம்மா."

"அது சரி. அந்தாளு உங்கள முழுசா நம்புறாரா?"

பிரஷாந்தினி போய்க் கயிற்றைத் திரும்பப் பிடித்தாள். ஒரு வயற்காரரை விட்டு இன்னொருவரிடம் வேலைக்குப் போனால், முதல் ஆளின் மண்வெட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்து, சொல்லிவிட்டுப் போவதுதான் அக்கராயனில் இந்தக் குடும்பங்களின் வழக்கம். அழகம்மாவே அப்படிப் பல வாசல்களில் கொடுத்திருக்கிறாள். அந்த வழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள், அரைநாள் லீவு போட்டு, கழகத்தின் பதிவுச் சான்றிதழைக் கிளிநொச்சியில் சங்க அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பாலனின் லீக்கில் சேர்கிறோம் என்று எல்லாரும் கையெழுத்திட்ட கடிதமும் கூடவே.

எழுதுவினைஞர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அங்கை போன கழகம் வேறை ஒண்டும் இதைத் தரேல்லையே, பிள்ளையள்?"

"நாங்கள் தாறம்," என்றாள் பிரஷாந்தினி. அப்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

லீக் ஏழு வாரம் நடந்தது. கிழமை நாளில் மட்ச் என்றால் சம்பளமில்லாத லீவு. மேற்பார்வையாளர் முகத்தைச் சுழித்து, கடைசியில் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். பிரஷாந்தினி ஐந்து மட்ச்சில் இரண்டு கோல்தான் விட்டாள். கழுத்திலும் தொடையிலும் பந்து பட்ட கண்டல் நீலமாய்க் கிடந்தது. பாலன் அவளுக்கு மாகாணத் தரச் சிறந்த கோல் காப்பாளர் சான்றிதழை மேடையில் வைத்துக் கொடுத்தார். சம்பளம் மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போனது.

எட்டாவது வாரம் பரந்தன் சந்தியில் மட்டைப் பைகளோடு விடியற்காலை ஐந்து மணிக்கு நின்றார்கள். வான் வரவில்லை. பாலனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அடிக்கவும் இல்லை. பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. விளம்பரதாரர் விலகியதால் லீக் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது, ஒத்துழைப்புக்கு நன்றி.

"நன்றியாம்," என்று சிவரூபி பையைத் தூக்கி நிலத்தில் அடித்தாள். "நாசமாப் போவான்."

அந்த மாதமே சங்கம் அறிவித்தது. அங்கீகாரமில்லாத லீக்கில் விளையாடிய எல்லாருக்கும் மூன்று வருடத் தடை. அவரவருடைய பதிவுபெற்ற கழகத்தின் ஊடாக மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் தடை நீங்கும்.

லீக் அணியில் பிரஷாந்தினிக்கு முன்னால் தடுப்பில் விளையாடிய, வேறு கழகத்து லக்சிகாவுக்கு நாலாம் நாளே தடை நீங்கியது. அவள்தான் பிரஷாந்தினிக்குப் போன் எடுத்தாள். "எங்கடை கழகம் பதிவைக் குடுக்கேல்லைத்தானே, அக்கா. ஒருத்தரும் குடுக்கேல்லை. நீங்கள் ஏன் போய்க் குடுத்தனீங்கள்?"

பிரஷாந்தினி மீண்டும் சங்க அலுவலகத்துக்குப் போனாள். அதே எழுதுவினைஞர். பாவப்பட்ட குரலில்தான் சொன்னார்.

"தடையிலை இருக்கிற ஆக்களின்ரை பேரிலை கழகம் பதியேலாது, பிள்ளை."

"கழகம் இல்லாட்டி தடை நீங்காதே?"

"ஓம். சட்டம் அப்பிடித்தான்."

"அப்ப ரெண்டு பக்கத்தாலையும் கதவைப் பூட்டிப்போட்டு, திறப்பு எங்கை எண்டு எங்களிட்டையோ கேக்கிறியள்?" அவளுடைய குரல் உயர்ந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் தலை நிமிர்த்தினார்கள். "களவாப் பதிவை ஒளிச்சு வைச்சவை நல்ல பிள்ளையள். ஒளிக்காமல் வந்து தந்த நாங்கள் குற்றவாளியள். நல்ல சட்டம்."

பயிற்றுநர் வேலைக்கான நேர்முகம் புரட்டாதியில் வந்தது. தையில் அவளுக்கு முப்பது முடிகிறது. அழகம்மா மகளின் வெள்ளைச் சட்டையை ஸ்திரிக்கை பண்ணிக் கொடுத்தாள். அவள் சொல்ல வேண்டியதை அந்த ஞாயிறே சொல்லியாயிற்று.

நேர்முக அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பாலன்.

ஒரு கணம் பிரஷாந்தினிக்கு அப்பாடா என்றிருந்தது. தெரிந்த முகம். பிறகுதான் அவருக்கு முன்னால் இருந்த பெயர்ப்பலகையை வாசித்தாள். சங்கத்தின் உபதலைவர். தலைவரும் அவரும் ராசியாகி இரண்டு மாதம். அக்கராயனுக்கு யாரும் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாலன் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தடைப் பட்டியலிலை உங்கடை பேர் கிடக்கு."

"நான் விளையாடினது உங்கடை லீக்கிலை, சேர்."

"அதை இப்ப கதைக்கேலாது, தங்கச்சி. மாகாண மட்டச் சான்றிதழ் இருக்கோ?"

"இருக்கு. உங்களுக்கு முன்னாலை கிடக்கிற பிரதிதான். நீங்கள் தந்தது."

அவர் அந்தத் தாளை எடுத்தார், பக்கத்தில் இருந்த பெண் அதிகாரிக்குக் காட்டாமல் திரும்ப வைத்தார். "இது செல்லாது."

"கீழை இருக்கிறது ஆரின்ரை கையெழுத்து?"

"தங்கச்சி, விளங்கிக்கொள்ளுங்கோ. தனியா ஒரு லீக்கைக் கொண்டு நடத்த இந்த நாட்டிலை என்ன இருக்கு? மைதானம் இருக்கோ, சனம் இருக்கோ? நாங்கள் எல்லாரும் அந்த நேரம் ஒரு பிழை விட்டிட்டம்."

"நாங்கள் எண்டு சொல்லாதேங்கோ, சேர்." அவள் விரலைச் சான்றிதழ்ப் பிரதியின் மேல் வைத்தாள். "லீக்கைத் தொடங்கினது நீங்கள். ஆத்திலை ஒரு கால் சேத்திலை ஒரு கால் வைக்காதேங்கோ எண்டதும் நீங்கள். நான் நெஞ்சாலை பந்து மறிச்சனான். தடை எனக்கு, கதிரை உங்களுக்கோ?"

பெண் அதிகாரி பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே வாங்குகளில் உட்கார்ந்து இன்னும் பதினேழு பேர் காத்திருந்தார்கள், அதில் லக்சிகாவும் ஒருத்தி.

பாலன் சிவப்புப் பேனையை எடுத்து, சான்றிதழ்ப் பிரதியின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மேலே 'செல்லாது' என்று எழுதினார். விண்ணப்பத்தை மூடப்போனவரை ஓரத்தில் நின்ற உத்தியோகத்தர் மறித்தார்.

"சேர், வெட்டின இடத்திலை சைன் வைக்கவேணும். இல்லாட்டிக் கணக்காய்விலை கேப்பினம்."

"ஓம், ஓம்," என்று பாலன் பக்கத்தைத் திரும்பத் திறந்து, கோட்டின் ஓரத்தில் கையெழுத்து வைத்தார். கீழே பிரதியில் கறுப்பாய் இருந்ததும் இப்போது சிவப்பு மையில் வைத்ததும் ஒரே கையெழுத்து. அடியில் இழுக்கும் கோடும் அதற்குக் கீழே வைக்கும் இரண்டு புள்ளிகளும் கூட அப்படியே இருந்தன.